மஞ்சள் காமாலை என்று நான் சொன்ன நோய்

என் மகன் அறிவழகன் பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தது மஞ்சள் காமாலைக்காக என்று எங்கள் ஊரே நம்பியிருந்தது. அப்படிச் சொன்னவன் நான். பஸ்ஸில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பெண் தர நினைத்தவர்களிடமும் சொன்னேன். அது காமாலை இல்லை. இருபத்து மூன்று வயதுப் பையனுக்குக் குடியால் வந்த நோய். குடியை நிறுத்திய விதத்தால் வந்த ஆபத்து. இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். எழுத்துப் பிழைகளை அறிவே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தான். விஷயத்தில் கை வைக்க நான் விடவில்லை, அவனும் வைக்கவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் மாணிக்கம். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அப்பாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. பிறர் காட்டில் சோளத்தட்டை அறுத்தேன், மூட்டை தூக்கினேன், பிறகு மக்காச்சோளம் அடிக்கிற மெஷினில் கூலிக்கு நின்றேன். இன்றைக்கு அந்த மெஷின்கள் என் கொட்டகையில் சொந்தமாக நிற்கின்றன, இழுக்க டிராக்டர்களும் நிற்கின்றன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் என் மெஷின் இறங்காத களம் குறைவு. குன்னம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெஷின் மாணிக்கம் வீடு எது என்று கேட்டால், டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கை நீட்டுவார். ஓடுகிற இன்ஜினின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். இதில் பெருமை அடித்துக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை, யாரும் எனக்குச் சும்மா தரவில்லை.

அறிவு டிப்ளமோ முடித்துவிட்டு என்னோடு மெஷினுக்கு வந்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சீசன் நேரத்தில் மழைக்கு முந்தித் தன் சோளத்தை அடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு காட்டுக்காரரும் பறப்பார். அதற்காக மெஷின் ஆட்களுக்குக் கூலிக்கு மேலே பாட்டில் வாங்கித் தருவார். தராத காட்டில் மெஷின் அடிக்கடி ரிப்பேர் ஆகும். அது என்ன ரிப்பேர் என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளி மகன் என்று அறிவுக்கு முதல் கிளாஸ் வந்தது. முதல் சீசனில் வாய் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அடுத்த சீசனில் கொப்பளிக்காமல் வந்தான். அதற்கப்புறம் சீசன் இல்லாத நாளிலும் குடித்தான். கடைசியில், காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

எனக்கு அது நோயாகத் தெரியவில்லை, திமிராகத் தெரிந்தது. நானும் குடித்தவன்தான். மூத்த மகள் பிறந்த அன்றைக்கு விட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. என் ரத்தம்தானே, நான் விட்ட மாதிரி இவனும் விடட்டும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவன் சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கவர் இருந்தது. உள்ளே மாத்திரைகள்.

"என்னடா இது?" என்றேன்.

"குடிய நிறுத்துறதுக்குப்பா. பெரம்பலூரு பெரியாஸ்பத்திரில தந்தாங்க. நானாதான் போனேன்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அடுத்த தடவ அப்பாவ கூட்டியாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"போட்டா என்ன ஆவும்?"

"நடுக்கம் இருக்காது. தூக்கம் வரும். கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு நிறுத்திருவாங்க."

"தூக்கம் வந்தா அதுவும் போததான? பாட்டில வுட்டுட்டு மாத்திரையப் புடிச்சுக்கப் போறியா? ஒங்கப்பன் எந்த மாத்திரயப் போட்டு வுட்டான்?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு உடையார்பாளையம் தாண்டி ஒரு கோயிலுக்குப் போனேன். குடியை விடுவதற்குக் கயிறு கட்டுகிற கோயில். சாமி முன்னால் சத்தியம் பண்ணி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டால், ஒரு வருஷம் எந்தப் போதையும் தொடக் கூடாது. தொட்டால் சாமி கேட்கும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படி விட்டிருக்கிறார்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. கட்டும்போது பூசாரி, "ஒடம்புக்கு ஏதும் வைத்தியம் பாக்குறியாப்பா?" என்று அவனைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். கயிறு ஏறிவிட்டது. எந்தப் போதையும் கூடாது என்றால் மாத்திரையும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரை எடுத்து என் கையாலேயே அடுப்பில் போட்டேன். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் மவன் வுட்டுட்டான்யா, ஒரே கயிறு" என்று எல்லாருக்கும் டீ சொன்னேன்.

மறுநாளே அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கை மட்டும் இல்லை, நாக்குகூட நடுங்கியது. சோறு இறங்கவில்லை. வெளியே போனால் எங்காவது குடித்துவிடுவான் என்று அறைக்கதவைச் சாத்தி வெளியே உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து, "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா. என்னமோ பண்ணுதுப்பா" என்று கூப்பிட்டான். குடிப்பதற்குப் போடுகிற வேஷம் என்றே நினைத்தேன். என் மனைவி பவுனம்மா ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அவங் கண்ணப் பாருங்க. நம்ம புள்ள கண்ணு மாதிரியே இல்ல."

"சாமி உள்ள போவும்போது அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஏதோ தெரிந்தவன் மாதிரி.

அதற்கு அடுத்த நாள் காலையில், முகம் கழுவ வாசலுக்கு வந்தவன் அப்படியே சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை, நுரையில் ரத்தம். வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். கொட்டகையில் கிடந்த பெரிய ஸ்பேனரை ஓடிப்போய் எடுத்து வந்து அவன் கையில் திணித்தேன். இழுப்பில் அந்த ஸ்பேனர் அவன் நெற்றியிலேயே இடித்தது. நூற்றியெட்டு வண்டியில் வந்த பையன் முதலில் செய்த வேலை அதைப் பிடுங்கி எறிந்ததுதான்.

"ஐயா, இரும்புக்கு ஒண்ணும் நிக்காதுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அது போதும். வாயில எதையும் வைக்காதீங்க."

வண்டி பெரம்பலூரை நோக்கிப் பறந்தது. அவன் தலை பவுனு மடியில். வழியில் இன்னொரு முறை வலிப்பு வந்தது.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வயது என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். அறிவைப் பார்த்ததும், "இவர் நம்ம ஓ.பி.க்கு வந்தவராச்சே" என்றார். அந்த வெள்ளைக் கவரைத் தந்தவர் அவர்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"கடைசியா எப்ப குடிச்சார்?"

"குடிக்கிறதே இல்லீங்க. கயிறு கட்டியாச்சு." அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை போகவில்லை.

"நான் குடுத்த மாத்திரை போட்டாரா?"

நான் பவுனுவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "அடுப்புல போட்டுட்டேங்க" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு ஊசி பேர் சொன்னார். ஊசி ஏறி இழுப்பு அடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, சாராயம் மூளைக்கு ஒரு பிரேக் மாதிரி. தினமும் பிரேக் புடிச்சுக்கிட்டே இருந்தா, அதை மீறி ஓடணும்னு மூளை வேகத்தக் கூட்டிக்கிட்டே போகும். ஒரே நாள்ல பிரேக்க எடுத்துட்டா அந்த வேகத்துக்குத் தடையே இல்ல. நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாறுறது எல்லாம் வரும். உயிரும் போகலாம். இதுக்குப் பேர் வித்ட்ராயல். அந்த மாத்திரை பிரேக்க மெல்ல மெல்ல விடறதுக்கு."

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் மெஷினில் முழுப் பாரத்தில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் இன்ஜின் எகிறும். ஊரே கேட்கிற மாதிரி அலறும். அப்போது பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். என் மகன் தலைக்குள்ளே அப்படி ஒன்று அலறிக்கொண்டிருந்தது. பெல்ட்டை அறுத்தவன் நான்.

"மொதல்ல ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திருங்கம்மா, தெம்பா இருக்கும்" என்றேன்.

"அதுக்கு முன்னால வேற ஒண்ணு ஏத்தணும்" என்றார். தயமின் என்று ஒரு வைட்டமின். குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்குமாம். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை கெட்டுப்போகலாமாம். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் பாட்டில் ஏற்றச் சொல்கிறவன் நான்.

விழுந்ததில் தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்து ஈரல், உப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, யாருக்கு என்ன. "எம் மவன். மஞ்சக்காமால" என்று முதல் பெஞ்சிலேயே என் வாயில் வந்துவிட்டது. இடுப்பில் பணம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். எங்கே கட்டுவது என்று ஜன்னல் ஜன்னலாகக் கேட்டேன். இங்கே வேண்டாம் பெரியவரே என்று அனுப்பினார்கள். வாழ்நாளில் காசை நீட்டி வேலை முடித்தே பழகியவன் நான். வாங்க ஆளில்லாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், அந்த வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டோம். "இன்னும் ஆபத்து தாண்டல" என்றார் டாக்டரம்மா. நிறுத்திய மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் மோசமாம். சொன்ன மாதிரியே ஆயிற்று. அவனுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டினான். பிறகு வலது கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"அப்பா, மெஷின நிறுத்து! கை உள்ள போயிருச்சுப்பா! நிறுத்துப்பா!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். "நிறுத்திட்டேன்டா, நிறுத்திட்டேன்" என்று அவன் காதுக்குள்ளே சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. என்னையே தாண்டிப் பார்த்து, "எங்கப்பாவ கூப்புடுங்க, அவரு வந்தா நிக்கும்" என்றான். ஊசிக் குழாயைப் பிடுங்கிவிட்டான். கட்டிலோடு இரண்டு கையையும் துணியால் கட்டினார்கள். அவன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

அந்த நிலையில்தான் என் மச்சான் சேகர், பவுனுவின் தம்பி, வந்து சேர்ந்தான். என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, இங்க வச்சு என்னா செய்யப் போறீங்க? குடிய நிறுத்துற ஒரு செண்டரு சொல்றேன். போன் போட்டா வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. ஆறு மாசம் மூஞ்சிய பாக்க வேணாம். ஊருக்கு வெளிநாடு போயிருக்கான்னு சொல்லிக்கலாம். பொண்ணு வீட்டுக்காரங்க காதுக்கும் போவாது."

அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்போதுதான் உடையார்பாளையம் பக்கம் ஒரு நல்ல இடத்தில் பெண் பேசி வைத்திருந்தோம். காசு வாங்கிக்கொண்டு ஒருவன் பொறுப்பு எடுத்துக்கொள்கிறான் என்றால் எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். வரச் சொன்னேன். வேன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நாலு தடியான ஆட்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "இப்ப வெளிய கொண்டுபோனா வழியிலயே மறுபடி வலிப்பு வரும். அப்புறம் என் கையில இல்ல. உங்க பையன், நீங்கதான் முடிவு செய்யணும்" என்றார்.

நான் வாசலுக்குப் போனேன். வேலைக்கு மெக்கானிக் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டு ஆளை எடை போடுவது என் பழக்கம். வேனில் முன்சீட்டில் இருந்தவனைக் கேட்டேன்.

"ஒங்ககிட்ட டாக்டரு உண்டா?"

"மாசத்துல ஒருக்கா வருவாருங்க."

"வலிப்பு வந்தா?"

அவன் சிரித்தான். "அதெல்லாம் நடிப்புங்க. ரெண்டு அடி போட்டா தெளிஞ்சிரும்."

வேஷம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அதே பேச்சு இப்போது இன்னொருத்தன் வாயிலிருந்து வந்தது. "வண்டிய எடு" என்றேன். சேகர், "மாமா, வாடகை..." என்று இழுத்தான். பணத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவன் அப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை.

உள்ளே வேறு தகராறு. அறிவின் இடது கை வீங்கிக் கயிறு சதைக்குள்ளே புதைந்துகொண்டிருந்தது. ஊசிக் குழாய் போட நல்ல நரம்பு அந்தக் கையில்தான் இருந்தது. சிஸ்டர் கத்தரியோடு நிற்கிறார், பவுனு குறுக்கே நிற்கிறாள்.

"சாமி கயிறும்மா. வருசம் முடியாம அறுத்தா அவனுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"அறுக்கலன்னாலும் ஆயிரும்மா. கையப் பாருங்க."

பவுனு என்னைப் பார்த்தாள். நான் எந்தப் பக்கமும் தலையாட்டவில்லை. கட்டவைத்தவன் நான், அறுக்கச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கத்தரியை வாங்கவில்லை. குனிந்து, அவன் மணிக்கட்டிலிருந்த கயிற்றைப் பல்லால் மென்று அறுத்தாள். அதைத் தன் கையில் சுற்றி, என்னிடம் நீட்டினாள். "முடிச்சுப் போடுங்க."

"ஒனக்கு எதுக்குடி?"

"அவஞ் சத்தியத்த நான் காப்பாத்துறேன். ஒரு வருசத்துக்கு நான் ஒரு சொட்டு குடிக்க மாட்டேன், போதுமா? சாமி ஒத்துக்கும்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். பவுனு சிரிக்கவில்லை. நான் முடிச்சுப் போட்டேன்.

அந்தக் கையில் மருந்து ஏறியது. அன்றும் மறுநாளும் எப்படிப் போயின என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான். பிறகு காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்றான். பவுனு அழுதுகொண்டே வாயில் தண்ணீரை ஊற்றி, பாதியை அவன் காதில் ஊற்றினாள்.

அவன் தெளிந்த பிறகு என் பொய்க்கு வினை வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் பழனிமுத்து, எனக்குத் தம்பி மாதிரி, நான் பிறகு வாங்கிய காட்டுக்கு அடுத்த காட்டுக்காரன். காமாலை என்று கேள்விப்பட்டு, கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலந்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான்.

"மடமடன்னு குடிச்சுருப்பா. ஈரலுக்கு நல்லது. கசக்கத்தான் செய்யும்."

அறிவு என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தான். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தபோது, "ஐயா, உங்க மானத்துக்கும் அவர்தான் மருந்து குடிக்கணுமா?" என்று கேட்டார்.

பழனிமுத்து போன பிறகு அறிவு மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் கவர என்னப்பா பண்ணுன?"

"அடுப்புல போட்டேன்."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "நல்லா எரிஞ்சுச்சா?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். நான் அடி வாங்கியிருக்கிறேன், கைவிரல் நுனியை மெஷினுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வி போல எதுவும் வலித்ததில்லை. சிஸ்டர் மாத்திரை கொண்டு வந்தபோது நான் வாங்கி நீட்டினேன். அவன் என் கையை ஒரு தரம் பார்த்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை எப்படிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். பிறகு ஆசையை அடக்க வேறு மாத்திரை, மாதம் ஒரு முறை போய்ப் பேச வேண்டும். சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நோயாம் இது. நடுவில் ஒரு தரம் வழுக்கினான். குடித்துவிட்டு வந்து அவனே சொன்னான். நான் கையை ஓங்கவில்லை. பவுனு தன் கையைத் தூக்கிக் காட்டி, "நான் இன்னும் குடிக்கலடா" என்றாள். மறுநாள் மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம். வழுக்குவது நடக்கிறதுதான், உடனே வந்தது நல்லது என்றார். இந்த சீசனிலிருந்து என் மெஷின் இறங்கும் களத்தில் பாட்டில் கிடையாது, ஆட்களுக்கு என் செலவில் கோழிக் குழம்பு. என்னைப் பார்த்து இன்னும் இரண்டு மெஷின்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள். இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஊருக்கு அது அப்போதும் காமாலைதான். குடியை விட்டது கயிற்றால்தான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பழனிமுத்து கொட்டகைக்கு வந்தான். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றான்.

"அண்ணே, அந்தக் கோயிலு எந்த வழியா போவணும்? நாளைக்கி எம் மவன் விக்னேசக் கூட்டிட்டுப் போயி கட்டிரலாம்னு இருக்கேன். ஒங்க அறிவு ஒரே கயித்துல வுட்டுட்டானே. இவனுந்தான் மூணு வருசமா காலையிலேயே ஆரம்பிச்சுர்றான்."

அந்த உடையார்பாளையத்துப் பெண் வீட்டார் மறு வாரம் வருவதாக இருந்தது. பழனிமுத்துவின் மனைவி பிறந்த ஊரும் அதுதான். இவனிடம் சொன்னால் விடிவதற்குள் அங்கே போய்விடும். வழி சொல்லி அனுப்பிவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, என் வீட்டில். நான் நிமிர்ந்தேன். வாசல்படியில் பவுனு நின்றாள். அவள் கையில் அந்தக் கயிறு, அழுக்கேறி, நான் போட்ட முடிச்சோடு.

"பழனி, கயித்துல வுடல" என்றேன். "அவனுக்குக் காமாலையும் இல்ல. நான் சட்டுனு நிறுத்தவச்சு, வலிப்பு வந்து, சாவக் கெடந்தான். பெரியாஸ்பத்திரில மாத்திர குடுத்துக் காப்பாத்துனாங்க. இன்னிக்கும் மாத்திரதான் சாப்புடுறான்."

பழனிமுத்து என்னையே பார்த்தான். "அப்ப நான் அரச்சுக் குடுத்த கீழாநெல்லி?"

"குடிச்சான். ஒனக்காவ குடிச்சான்."

அவன் முகம் சட்டென்று மாறியது. "அண்ணே, கோயிலுக்குச் சுத்தமா போவணும்னு நேத்துக் காலையிலேருந்து அவனுக்கு ஒண்ணும் குடுக்கல. ரூம்ல வச்சுப் பூட்டிருக்கேன். கை கிடுகிடுன்னு ஆடுது. வேர்த்துக் கொட்டுது. வேசம் போடுறான்னு..."

நான் கார் சாவியைத் தேடினேன். அதற்குள் அறிவு உள்ளேயிருந்து வந்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். சாவி அவன் கையில்.

"நான் ஓட்டுறேன்ப்பா. நீ பின்னால அவன் பக்கத்துல ஒக்காரு. இழுத்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வை. ஸ்பேனரக் கொண்டாந்துராத."

பழனிமுத்து வீட்டுக்குப் போய், அறையைத் திறந்து, விக்னேஷைத் தூக்கி ஏற்றினோம். அவன் உடம்பு என் மேல் சாய்ந்து அதிர்ந்துகொண்டே வந்தது. அந்த அதிர்வு எனக்குத் தெரியும், பாரம் கழன்ற இன்ஜினின் அதிர்வு. வலிப்பு வருவதற்கு முந்தியே பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் பழனிமுத்து திரும்பித் திரும்பி மகனைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது? காமாலன்னு சொல்லிரலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அறிவு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"சொல்லுங்க சித்தப்பா. நாளைக்கே கீழாநெல்லி வந்துரும். அது கசக்குற கசப்பு எனக்குத்தான் தெரியும்."

அழுதுகொண்டிருந்த பழனிமுத்து சிரித்துவிட்டான். வலிப்பு வரவில்லை. அவசரப் பிரிவில் அதே டாக்டரம்மா. "கடைசியா எப்ப குடிச்சார்?" என்று கேட்டார். இந்த முறை சரியான பதில் சொல்ல எங்களிடம் ஆள் இருந்தது. விக்னேஷ் இப்போது வீட்டில் இருக்கிறான்.

அந்தப் பெண் வீட்டார் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், என் மகனுக்கு உயிர் இருக்கிறது, பெண் பிறகு வரும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். அறையில் பூட்டாதீர்கள். கோயிலுக்கு அப்புறம் போகலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் குன்னம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெஷின் மாணிக்கம் வீடு எது என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள். வண்டி இருக்கிறது. ஓட்ட என் மகன் இருக்கிறான்.